மூலைக்குப் போன உப்புப் படம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, கௌசல்யா தன் மோட்டார் சைக்கிளை என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் கல்வி வலயத்தில் சித்திரப் பாடத்துக்கு ஆசிரிய ஆலோசகராக இருப்பவள் அவள்தான். தலைக்கவசத்தைக் கழற்றும்போதே கண் கலங்கியிருந்தது. உள்ளே வந்து இருந்ததும் கைத்தொலைபேசியை என் முன்னால் நீட்டினாள். மாணவர் சித்திரப் போட்டியின் முடிவு வெளியான நாளிலிருந்து பெற்றோர் குழுவில் அவளை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"பாருங்கோ மிஸ். நான் கிளிநொச்சி ரவுண் பள்ளிக்கூடத்துக்குப் பக்கச்சார்பாம். என்ர தங்கச்சி அங்க படிப்பிக்கிறதால அவையளுக்கே எல்லா இடத்தையும் குடுத்திட்டனாம்."

"குடுத்தனீரோ?"

"மிஸ்!"

"கேட்டதுக்குப் பதிலைச் சொல்லும்."

"இல்லை மிஸ். சத்தியமா இல்லை."

"பிறகேன் அழுறீர்? சரி, நடுவர்மார் முதலே ஒதுக்கின படங்களை எடுத்துப் பாத்தனீரோ?"

அவள் விழித்தாள். ஒதுக்கிய படங்களை யார் பார்ப்பார்கள்? பரிசு பெற்ற படங்களைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள், பேசுவார்கள், திட்டுவார்கள். நான் தேநீர் போட்டுக் கொடுத்து, எங்கள் வலயமே அல்லோலகல்லோலப்பட்ட ஒரு பழைய சங்கதியை அவளுக்குச் சொன்னேன். கேட்டு முடித்ததும், "இதை எழுதுங்கோ மிஸ், எங்களுக்குப் பின்னால வாறவைக்கும் உதவும்" என்றாள். எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். பேச்சிலும் எழுத்திலும் எனக்குக் கூச்சம் கிடையாது.

என் உத்தியோகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் கலாசாலையில் சித்திரம் படித்தேன். முதல் நியமனம் முல்லைத்தீவுக் கரையோரத்தில் ஒரு பள்ளிக்கூடம். வர்ணப் பெட்டியைக் கண்ணால் காணாத பிள்ளைகளுக்குக் கரித்துண்டும் செங்கல் தூளும் கொடுத்து வரையச் சொன்னேன். பிறகு இடம்பெயர்ந்தோம், தறப்பாளுக்குக் கீழே படிப்பித்தோம், திரும்பி வந்தோம், மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினோம். அந்த வருடங்களைப் பற்றி மற்றவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள், நான் எழுதப்போவதில்லை. ஊர் அடங்கி, கூரையுள்ள வகுப்பறைகள் வந்த பிறகு என்னை ஆசிரிய ஆலோசகராக வலய அலுவலகத்துக்கு எடுத்தார்கள். வருடத்துக்கொருமுறை வலயச் சித்திரப் போட்டியை நடத்துவது என் பொறுப்பாயிற்று.

அந்தப் போட்டியை நான் எப்படி நடத்தினேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் கெட்ட பெயர் வந்ததும் அதனால்தான், தீர்ந்ததும் அதனால்தான். பிள்ளைகள் வீட்டிலிருந்து வரைந்துகொண்டு வரமுடியாது. எல்லாப் பள்ளிக்கூடங்களிலிருந்தும் ஒரு மண்டபத்துக்கு வரவேண்டும். கூட்டிக்கொண்டு வரும் ஆசிரியர்களும் பெற்றோரும் வாசல் படலைக்கு வெளியே நிற்கவேண்டும். பின்பக்கம் அலுவலக முத்திரை குத்திய கடதாசி கொடுப்போம். தலைப்பைப் பிள்ளைகளுக்கு முன்னால்தான் உறை கிழித்து வாசிப்பேன். வரைந்து முடித்ததும் கடதாசியின் பின்னால் இலக்கம் மட்டும் இருக்கும். இலக்கம் யாருடையது என்ற துண்டுகளை வேறொரு உறையில் போட்டு ஒட்டி அலுமாரியில் வைத்துப் பூட்டுவேன்.

பிறகுதான் நடுவர்கள் வருவார்கள். படங்களைத் தரையில் வரிசையாக விரிப்போம். நடுவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நடுவே நடந்து பார்ப்பார்கள். தலைப்புக்குச் சம்பந்தமில்லாதது, கிழிந்தது, வரைந்து முடிக்காதது எல்லாவற்றையும் பொறுக்கி மண்டபத்தின் ஒரு மூலையில் போடுவார்கள். அதற்கு முதல் ஒதுக்கல் என்று பெயர். மிஞ்சியவற்றைக் கயிற்றில் துணி காயப்போடுவதுபோல் கிளிப் மாட்டித் தொங்கவிட்டு, ஒவ்வொன்றாகப் புள்ளி போடுவார்கள். நான் கூட்டுவேன். நான் ஒருநாளும் நடுவராக இருந்ததில்லை, நடுவர்களின் காதில் ஒரு சொல் போட்டதுமில்லை. இதைவிடச் சுத்தமாக ஒரு போட்டியை எவராலும் நடத்த முடியாது என்று அன்றும் சொன்னேன். இன்றும், ஒரேயொரு திருத்தத்தோடு, அதையே சொல்வேன்.

அப்போது எங்களுக்கு இருந்த வலயக் கல்விப் பணிப்பாளர் ஒரு தனிப்பிறவி. அவருடைய மேசைக்கு முன்னால் வந்தவர்கள் இருக்கக் கதிரை கிடையாது. "கதிரை போட்டா கதை நீளும்" என்பார். அதிபர்களும் நின்றபடிதான் பேசிவிட்டுப் போவார்கள். கோப்பு வாசிக்கும்போது ஒரு மர அடிமட்டத்தை வரிக்குக் கீழே வைத்து, வரி வரியாக இறக்கிக்கொண்டே போவார். நடுவில் எவராவது குறுக்கே பேசினால் அடிமட்டத்தை அசைக்காமல் கண்ணை மட்டும் உயர்த்துவார். பேசியவர் வாயை மூடிவிடுவார். எந்த முறைப்பாட்டுக்கும் அவருடைய பதில் ஒன்றுதான்: "எழுத்தில தாங்கோ." பலருக்கு அவரைப் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும். யாருக்கும் சலுகை செய்யமாட்டார், தனக்கும் செய்துகொள்ளமாட்டார்.

அவருடைய தம்பி வட்டக்கச்சியில் நெல் விவசாயி. தம்பியின் மகள் ஆரணி கிளிநொச்சி நகரில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தாள். நன்றாகச் சித்திரம் வரைவாள். அவளுடைய பிரிவில் வருடாவருடம் வலயத்தில் முதலாமிடம் அவளுக்குத்தான். முதல் தடவை எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டாம் தடவை குசுகுசுத்தார்கள். அதற்குப் பிறகு குசுகுசுக்கவும் இல்லை, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். "பணிப்பாளற்ற பெறாமகளுக்கு இல்லாம வேற ஆருக்கு?" என்று என் காதுபடவே ஒரு ஆசிரியர் சொன்னார். எனக்கு இரத்தம் கொதித்தது. ஆனால் குசுகுசுப்புக்கு யாரிடம் போய்ப் பதில் சொல்வது?

நான் சொல்லவந்த வருடம் தலைப்பு, "எங்கள் ஊரின் தொழில்". ஆரணி வட்டக்கச்சியில் வீதியோரம் நெல் காயப்போடுவதை வரைந்திருந்தாள். படம் முழுக்க மஞ்சளும் பொன்னிறமுமாக, பார்த்தவுடன் வெயில் முகத்தில் அடிக்கிற மாதிரி இருந்தது. முதலாமிடம். வலயத்தில் முதலாமிடம் பெறுகிற படம் மட்டுந்தான் மாகாணப் போட்டிக்குப் போகும்.

முடிவை அறிவித்தல் பலகையில் ஒட்டிய மறுநாள் காலை, செல்வராஜ் என்றொரு மனிதர் அலுவலகத்துக்கு வந்தார். மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பம். அவர் பிறந்தது இங்கேதான் என்றாலும் வீட்டில் அந்தப் பேச்சு மாறவில்லை. ஆனையிறவு உப்பளத்தில் வேலை. பணிப்பாளரின் கதவைத் தட்டாமலே உள்ளே போய்விட்டார். பணிப்பாளர் என்னையும் கூப்பிட்டார்.

"எழுத்தில தாங்கோ" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் உள்ளே போனேன்.

"எழுத்துல குடுத்தா கோப்புக்குள்ள போயிரும் சார். நான் கோப்புக்குள்ள போகமாட்டேன், இங்கனயேதான் நிப்பேன்" என்றார் செல்வராஜ். "வருசா வருசம் ஒங்க தம்பி மகளுக்குத்தான் மொதலாம் எடம். எங்க புள்ளைக்கு ஒரு மூணாம் எடங்கூட இல்ல. நாங்க மலையகத்து ஆளுங்க, உப்பு அள்ளுற ஆளுங்க. எங்க புள்ள வரஞ்சா ஒங்க கண்ணுல படாதா?"

பணிப்பாளர் அடிமட்டத்தைக் கீழே வைத்தார். நான் குறுக்கிட்டேன்.

"ஐயா, படத்தில பேர் இல்லை. இலக்கம் மட்டுந்தான். ஆர் கீறினது எண்டு நடுவர்மாருக்குத் தெரியாது."

"நீங்க சொல்லுவீங்க டீச்சர். நான் நம்பணுமா?" அவர் குரல் இறங்கியது. "எங்க பள்ளிக்கூடத்துல சித்திரத்துக்கு டீச்சரே கெடையாது. அது தானா வரையும். பதினோராம் வகுப்பு முடிக்கப்போகுது. உயர்தரத்துல சித்திரம் எடுக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்குது. இந்த வருசமும் ஒண்ணும் கெடைக்கலேன்னா பெயிண்டு பிரசையெல்லாம் மூட்ட கட்டிரு, அந்தப் பேச்சே வேணாம்னு சொல்லிப்புட்டேன். இப்ப சோறு திங்காம மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுக் கெடக்கு. அதுக்கு நான் என்னான்னு சொல்லுவேன்? ஒனக்குத் தெறம இல்லன்னு சொல்லவா, ஒங்கப்பனுக்குச் செல்வாக்கு இல்லன்னு சொல்லவா?"

அந்தக் கேள்வி என்னைப் போட்டு உலுக்கிவிட்டது. அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். இப்படிக் கேட்டால் என்ன சொல்வது? பின்னேரம் வாருங்கள் என்று அவரை அனுப்பிவிட்டுத் திரும்பினேன். பணிப்பாளர் யன்னலைப் பார்த்தபடி நின்றார்.

"ஆரணியின்ர பேரை வெட்டுங்கோ" என்றார். "ரெண்டாவதா வந்த பிள்ளையை மேல ஏத்துங்கோ. இனி என்ர சொந்தத்தில ஒருத்தரும் போட்டிக்கு வரக்கூடாது."

"வெட்டமாட்டன் சேர்."

கண்ணை மட்டும் உயர்த்தினார். நான் வாயை மூடவில்லை.

"இலக்கத்தைப் பாத்துப் புள்ளி போட்டது. இப்ப ஆளைப் பாத்து வெட்டச் சொல்லுறீங்கள். இதுதான் சேர் பக்கச்சார்பு. அதோட, ஆரணியை வெட்டினா அந்த மனுசன்ர பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? அவள் ரெண்டாவதா வரேல்லை. ஒரு இடத்திலயும் வரேல்லை. உங்கட பேர் மட்டுந்தான் சுத்தமாகும்."

நான் உயரதிகாரியிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவையில்லை. பணிப்பாளர் மணியை அடித்துச் சிற்றூழியரைக் கூப்பிட்டு, "ரெண்டு கதிரை கொண்டு வாங்கோ" என்றார். ஒன்று எனக்கு. மற்றது பின்னேரம் வரப்போகிற செல்வராஜுக்கு என்று எனக்கு அப்போது தெரியாது.

அன்று பின்னேரம் மூவரும் இருந்து பேசி முடிவெடுத்தோம். அந்தப் பிரிவின் எல்லாப் படங்களையும், மூலையில் ஒதுக்கியவை உட்பட, முதலிலிருந்து மறுபடியும் பார்ப்பது. நடுவர்கள் எங்கள் வலயத்தவர்கள் வேண்டாம், வவுனியாப் பக்கமிருந்து எடுப்பது. விரும்புகிற பெற்றோர் பிள்ளைகளோடு மண்டபத்தின் பின்பக்கம் இருந்து பார்க்கலாம். எல்லாப் படங்களுக்கும் புது இலக்கம். பெயர்த்துண்டுகளை வைத்துப் பூட்டிய அலுமாரியின் திறப்பை நான் செல்வராஜின் கையில் கொடுத்தேன். அவர் அதை அரைஞாணில் கட்டிக்கொண்டார். அலுவலகத்தில் சிலர், "ஒரு உப்பளக்காரன் சொன்னதுக்காக இவ்வளவு கூத்தோ?" என்று முணுமுணுத்தார்கள். அவர்களுக்கு நான் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது.

குறித்த நாளில் மண்டபம் நிறைந்துவிட்டது. படம் அனுப்பாத பெற்றோர்கூட வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். செல்வராஜ் முன்வரிசையில், பக்கத்தில் அவருடைய மகள் புவனா. மெலிந்த பிள்ளை, இரட்டைப் பின்னல், தலை நிமிரவில்லை. கடைசி வரிசையில் ஆரணி தாயோடு இருந்தாள். அவளும் தலை நிமிரவில்லை. பணிப்பாளர் வரவில்லை. வரக்கூடாது என்று நான் சொல்லியிருந்தேன்.

வவுனியாவிலிருந்து வந்த மூன்று நடுவர்களுக்கும் தலைமையாக ஒரு மூத்த சித்திர ஆசிரியை. பரம்பரை பரம்பரையாகப் பிள்ளைகளைப் படிப்பித்த தோரணை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படங்களுக்கு நடுவே நடக்கத் தொடங்கினார். ஒரு படத்தைக் குனிந்து எடுத்து உதவியாளரிடம் கொடுத்தார். மூலைக்குப் போனது. இன்னொன்று, அதுவும் போனது. இன்னும் பல போன பிறகு, முன்வரிசையில் புவனா தகப்பனின் சட்டையைப் பிடித்து இழுத்து எதையோ காதில் சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

செல்வராஜ் எழும்பிவிட்டார். "டீச்சர்! அது எங்க..."

"எது எண்டு சொல்லாதீங்கோ!" நான் போட்ட சத்தத்தில் நடுவர்களே நின்றுவிட்டார்கள். "ஐயா, வாயைத் துறந்தீங்கள் எண்டா நடுவர்மாருக்கு ஆள் தெரிஞ்சுபோகும். பிறகு உங்கட பிள்ளைக்கு ஒரு பரிசும் இல்லை."

அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திய கையோடு என் கிட்ட வந்து, மெல்ல, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "டீச்சர், இந்தம்மாவுக்குப் பணிப்பாளரையும் தெரியாது, அவரு தம்பி மகளையும் தெரியாது. எங்களையும் தெரியாது. அப்பறம் ஏன் டீச்சர் இவங்களும் ஒதுக்குறாங்க?"

அவர் குரலில் அப்போது கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. மகளுக்கு உண்மையிலேயே திறமை இல்லையோ என்ற பயம். எனக்கோ அந்த நிமிடத்தில் மூளையில் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. எங்கள் நடுவர்கள் எந்தப் படங்களை மூலையில் போட்டார்களோ, ஊர் பேர் தெரியாத இவர்களும் அவற்றையே போடுகிறார்கள் என்றால், அந்த மூலையில் ஏதோ இருக்கிறது. நேராக அங்கே போய், குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன்.

கிழிந்தது ஒன்று. தலைப்பை விட்டு வேறெதையோ வரைந்தவை சில. மிச்சத்தில் எல்லாம் ஒரேயொரு ஒற்றுமை: எங்கேயோ ஓரிடத்தில் வெறுங்கடதாசி தெரிந்தது. ஒரு படத்தில் உழவு மெசினுக்குப் பின்னால் வயலில் நிற்கும் கொக்குகளை நிறம் பூசாமல் விட்டிருந்தது. இன்னொன்றில் சலவைக்காரர் காயப்போட்ட வேட்டிகள். இன்னொன்று உப்பளம். சாம்பல் வானம், சேற்று நிறத்தில் பாத்திகள், முக்காடு போட்ட பெண்கள் கடகத்தோடு நடக்கிறார்கள். நடுவே உப்புக் குவியல்கள் வெறும் வெள்ளைக் கடதாசியாக விடப்பட்டிருந்தன.

"மிஸ், இதுகள் ஏன் இஞ்ச கிடக்கு?" என்று தலைமை நடுவரைக் கேட்டேன்.

"முடிக்கேல்லை. வெள்ளை தெரியுது" என்றார் அவர், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல்.

எங்கள் நாட்டில் சித்திரம் படித்த எவருக்கும் அது விளங்கும். கடதாசி முழுக்க நிறம் பூசவேண்டும், வெள்ளை தெரியக்கூடாது. எனக்கு என் ஆசிரியர் சொன்னார், நான் என் பிள்ளைகளுக்குச் சொன்னேன், அவர்கள் ஆசிரியர்களாகி அவர்களுடைய பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். நேரத்துக்குள் முடித்தானா என்று பார்க்க அது வசதியான வழி. சித்திர ஆசிரியர் இருக்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு முதல் வகுப்பிலேயே இது பாடமாகிவிடும். ஆசிரியரே இல்லாத பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு யார் சொல்வது? அது தன் கண்ணை நம்பி உப்பை வெள்ளையாக விடும். யாரும் யாருக்கும் பக்கம் சாரவில்லை, எங்கள் கண்தான் பழகிய பக்கம் சாய்ந்திருந்தது.

போட்டி விதிகள் என் கையில் இருந்தன. அவற்றை நடுவரிடம் நீட்டினேன். "வெள்ளை விடக்கூடாது எண்டு எந்த இடத்தில இருக்குது, காட்டுங்கோ மிஸ்."

"இதையெல்லாம் எழுதி வைக்க வேணுமோ? ஊருக்கே தெரிஞ்ச விசயம். எனக்கு நீங்கள் படிப்பிக்க வாறீங்களோ?"

"படிப்பிக்க வரேல்லை. விதியில இல்லாததுக்காகப் படத்தை ஒதுக்க ஏலாது எண்டு சொல்லுறன். அதைச் சொல்லுறதுக்குத்தான் என்னை இஞ்ச வைச்சிருக்கினம்."

அவர் முகம் சிவந்தது. பிறகு, "சரி, எதை எடுக்கச் சொல்லுறீங்கள்?" என்று கேட்டார்.

"ஒண்டை எடுத்தா அது பக்கச்சார்பு. வெள்ளைக்காக ஒதுக்கின எல்லாத்தையும் எடுங்கோ. தரையில வைச்சுப் பாக்காதையுங்கோ. தொங்கவிட்டிட்டு, வாசலில போய் நிண்டு பாருங்கோ."

தொங்கவிட்டோம். நடுவர்கள் வாசல்வரை நடந்து போய்த் திரும்பிப் பார்த்தார்கள். பெற்றோரும் கழுத்தைத் திருப்பினார்கள். கொக்குப் படம் பாவம், தூரத்திலிருந்து பார்த்தபோதும் முடிக்காத படமாகத்தான் இருந்தது. வேட்டிப் படமும் அவ்வளவுதான். உப்புப் படம் அப்படியில்லை. அத்தனை நிறங்களுக்கு நடுவே அந்தக் குவியல்கள் கண்ணைக் கூசவைத்தன. ஆனையிறவு வீதியால் பகலில் பஸ்ஸில் போனவர்கள் எல்லோருக்கும் அந்தக் கூச்சம் தெரியும். தலைமை நடுவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடியும் போட்டார். "வெள்ளைப் பெயின்ற் பூசியிருந்தா செத்துப்போயிருக்கும்" என்று பக்கத்து நடுவரிடம் சொன்னார். நல்ல மனுசி. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கவில்லை.

புள்ளிகளைக் கூட்டினேன். முதலாவதாக வந்த இலக்கத்தை வாசித்துவிட்டுச் செல்வராஜைக் கூப்பிட்டேன். அவர் அரைஞாணிலிருந்து திறப்பை அவிழ்த்தார். அலுமாரியை அவரே திறந்தார், உறையை அவரே எடுத்துத் தந்தார். துண்டைப் பார்த்து நான் சத்தமாக வாசித்தேன்: "செல்வராஜ் புவனேஸ்வரி." இரண்டாவது இலக்கம், நெல் காயப்போட்ட படம். "ஆரணி." கடைசி வரிசையிலிருந்து யாரோ கைதட்டத் தொடங்க, மண்டபம் முழுக்கத் தட்டியது. எந்தப் பெயருக்குத் தட்டினார்கள் என்று கேட்டால், இரண்டுக்கும் என்றுதான் சொல்வேன்.

செல்வராஜ் படத்துக்குக் கிட்டப் போய் நின்றார். அவர் அதை அன்றுதான் ஒழுங்காகப் பார்க்கிறார்.

"வீட்டுல வரையிறப்பவும் இப்புடித்தான் டீச்சர், வெள்ள வெள்ளையா விடும்" என்றார். "ஏன் புள்ள அரகொறையா விடுற, என்னத்தையாச்சும் பூசுன்னு நானே திட்டியிருக்கேன். கடதாசிதான்ப்பா உப்பு மாதிரி இருக்குன்னு சொல்லும். நாள் பூரா உப்புலதான் நிக்கிறேன், எனக்கே வெளங்கல." சொல்லிவிட்டு அழுதார். நானும் கொஞ்சம் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

புவனாவின் படம் மாகாணத்துக்குப் போனது. அங்கே அதற்கு இடமேதும் கிடைக்கவில்லை. அங்கும் ஒரு மூலை இருந்திருக்கும், நான் போய்க் குந்தியிருந்து புரட்ட முடியவில்லை. ஆனால் தூரிகைகளை எவரும் மூட்டை கட்டவில்லை. அவள் உயர்தரத்தில் சித்திரம் எடுத்தாள். தகப்பனே சைக்கிளில் கொண்டுபோய் விட்டார். அடுத்த வருடத்திலிருந்து எங்கள் வலயத்தில் முதல் ஒதுக்கலை நான் நிறுத்திவிட்டேன். எல்லாப் படங்களும் கயிற்றில் ஏறும், பெற்றோர் பின்னால் இருந்து பார்ப்பார்கள். நான் சொன்ன திருத்தம் அதுதான். எனக்குப் பிறகு, நேரம் போதவில்லை என்று ஒதுக்கலைத் திரும்பவும் கொண்டுவந்துவிட்டார்களாம். ஒதுக்கிய படங்களைப் பார்த்தீரோ என்று கௌசல்யாவை நான் கேட்டதன் காரணம் இப்போது விளங்கும்.

கௌசல்யா அன்றைக்கே, சனிக்கிழமையென்றும் பாராமல், அலுவலகத்துக்குப் போய் ஒதுக்கிய படங்களைப் புரட்டிவிட்டுப் பின்னேரம் தொலைபேசியில் கூப்பிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"மிஸ், இப்ப எல்லாப் பிள்ளையளும் வெள்ளை விடுதுகள். வெள்ளை விட்டாத்தான் இடம் கிடைக்கும் எண்டு ரவுணில ரியூசனில சொல்லிக் குடுக்கினமாம். மூலையில கிடக்கிறதெல்லாம் கடதாசி முழுக்க நிறம் பூசின படங்கள். 'பழைய பாணி' எண்டு ஒதுக்கினவையாம்."

"அப்ப என்ன செய்யப்போறீர்?"

"மண்டபத்தைத் துறக்கப்போறன் மிஸ். கயிறு கட்டச் சொல்லிட்டன்."

கெட்டிக்காரி. நான் வேறொன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

கடைசியாக ஆரணி. அந்த வருடப் பரிசளிப்பு முடிந்ததும் மண்டபத்துக்குப் பின்னால் என்னைத் தேடி வந்தாள். கையில் இரண்டாமிடச் சான்றிதழ். முதலாமிடம் பறிபோன கவலையாக்கும் என்று நினைத்து, ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன்.

"இல்லை மிஸ், எனக்குக் கவலையில்லை" என்றாள். "இவ்வளவு நாளும் கிடைச்சதெல்லாம் அலுமாரிக்குள்ள கிடக்குது. ஒருத்தருக்கும் காட்டுறேல்லை. பெரியப்பா எடுத்துக் குடுத்தது எண்டு பள்ளிக்கூடத்தில சொல்லுவினம். அவையள் சொல்லிச் சொல்லி எனக்கும் சந்தேகம் வந்திட்டுது மிஸ். அதெல்லாம் என்ரயோ, பெரியப்பாவின்ரயோ எண்டு எனக்கே தெரியாது."

நான் நடத்திய போட்டியில் எந்தக் கறையும் இல்லை என்று அவளுக்கு அடித்துச் சொன்னேன். முதல் ஒதுக்கல் இல்லாமலிருந்தாலும் முந்தைய பரிசுகள் பெரும்பாலும் அவளுக்கே வந்திருக்கும் என்றும் சொன்னேன். அவள் மரியாதைக்குத் தலையாட்டினாள்.

சில மாதங்களுக்கு முன் வட்டக்கச்சியில் ஒரு கலியாணத்துக்குப் போனபோது, வழியில் அவளுடைய வீட்டுக்குப் போனேன். ஆரணி இப்போது ஒரு வங்கியில் வேலை செய்கிறாள், கலியாணமாகிக் கைக்குழந்தை. தேநீர் கொண்டுவரக் குசினிக்குள் போயிருந்தாள். நான் கதிரையில் இருந்தபடி சுவரைப் பார்த்தேன். சாமிப் படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டம் போட்டு, எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரேயொரு சான்றிதழ் தொங்கியது. சித்திரப் போட்டி, இரண்டாமிடம். முதலாமிடங்கள் ஒன்றும் அந்தச் சுவரில் இல்லை.